உங்கள் ஆபீஸ் சர்வரின் டிஸ்க் எங்கே இருக்கிறது?

2025 செப்டம்பர் 26, இரவு எட்டு மணி தாண்டியிருக்கும். தென்கொரியாவின் டேஜோன் நகரில் உள்ள தேசியத் தகவல் வள மையத்தின் ஐந்தாவது மாடியில், பழைய லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போது பற்றிய தீயை முழுதாக அணைக்க ஏறக்குறைய 22 மணி நேரம் ஆனது. அரசின் 647 கணினிச் சேவைகள் நின்றுபோயின என்று முதலில் சொன்னார்கள். பிறகு அந்த எண்ணை 709 என்று திருத்தினார்கள்.

நின்றவற்றில் பெரும்பாலானவை அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆனால் ஜி-டிரைவ் என்ற ஒன்று வரவில்லை. அரசு ஊழியர்கள் 2018 முதல் தங்கள் அலுவலகக் கோப்புகளைப் போட்டுவைத்த பொதுக் கிடங்கு அது. ஆளுக்குச் சுமார் 30 ஜிபி இடம், பயன்படுத்தியவர்கள் சுமார் 1.25 லட்சம் பேர், சேர்ந்திருந்தது 858 டெராபைட். எல்லாம் போய்விட்டது. வெளியே இன்னொரு காப்பி ஏன் இல்லை என்று கேட்டபோது வந்த பதில்: கொள்ளளவு ரொம்பப் பெரியது, அதனால் வெளியில் பேக்கப் எடுக்க முடியவில்லை.

இந்தப் பதிலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதைக் கீழே செய்வோம். அதற்கு முன் ஒரு கேள்வி. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் பில்லிங், ஹெச்.ஆர்., மெயில், டெஸ்ட் சர்வர் எல்லாம் எங்கோ விர்ச்சுவல் மெஷின்களாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் டிஸ்க் உண்மையில் எங்கே இருக்கிறது? 'கிளவுடில்', 'சர்வர் ரூமில்' என்பதெல்லாம் பதில் இல்லை. எந்தப் பெட்டியில், எத்தனை காப்பி, யார் கையில்? இது ஐ.டி. ஆட்கள் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஜி-டிரைவில் கோப்பு வைத்திருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு ஃபைல்தான்

ஒரு பெரிய சர்வரை மென்பொருளால் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறையும் தனிக் கணினிபோல நடக்கச் செய்வதுதான் விர்ச்சுவல் மெஷின். அதற்குள் இருக்கும் விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ தனக்கென ஒரு ஹார்டு டிஸ்க் இருப்பதாகத்தான் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் அந்த டிஸ்க் வெறும் ஒரு பெரிய ஃபைல். விஎம்வேரில் அதன் பெயர் விஎம்டிகே என்று முடியும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் விஹெச்டிஎக்ஸ். கேவிஎம்மில் பெரும்பாலும் கியூகவ்2. சில அமைப்புகளில் ஃபைலுக்குப் பதிலாக ஸ்டோரேஜில் தனியாக வெட்டிக் கொடுத்த ஒரு துண்டு இருக்கும். விஷயம் ஒன்றுதான்.

ஃபைல் என்பதால்தான் இவ்வளவு வசதி. ஒரு சர்வர் பழுதானால், அந்த ஃபைலை இன்னொரு சர்வர் திறந்து, அதே கணினியை அங்கே எழுப்பிவிடலாம். ஃபைல் என்பதால்தான் இவ்வளவு ஆபத்தும். ஐம்பது கணினிகளை ஒரே கட்டளையில் அழித்துவிடலாம்.

முதல் வசதி கிடைக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. பழுதான சர்வருக்குள்ளேயே அந்த ஃபைல் மாட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது. சர்வர் செத்தாலும் ஃபைல் வெளியே கைக்கு எட்ட வேண்டும். எண்டர்பிரைஸ் ஸ்டோரேஜ் என்ற பெரிய வியாபாரம் முழுக்க இந்த ஒரு தேவையைச் சுற்றித்தான் வளர்ந்தது.

இந்தப் பேச்சு இப்போது ஏன்?

2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை வாங்கிக் காலமெல்லாம் பயன்படுத்தும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்; இனி சந்தாதான், அதுவும் கோர் கணக்கில். செலவு பல மடங்கு ஏறியதாகப் பல நிறுவனங்கள் புலம்பின. அதனால் ஹைப்பர்-வி, நியூட்டனிக்ஸ், பிராக்ஸ்மாக்ஸ், ஓப்பன்ஸ்டாக் என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடமாற்றத்தில் எல்லோரும் பேசுவது லைசென்ஸ் விலையைத்தான். கை சுடும் இடம் ஸ்டோரேஜ். விஎம்வேரில் ஒரு பொது ஸ்டோரேஜைப் பல சர்வர்கள் ஒரே நேரத்தில் திறந்து, ஒருவர் எழுதுவதை இன்னொருவர் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள விஎம்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இருந்தது. இருபது ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் வேலை செய்ததால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. புதிய வீட்டுக்குப் போன பிறகுதான், 'இங்கே அது இல்லையா?' என்று தேடுகிறார்கள். அதே ஸேன் பெட்டியை பிராக்ஸ்மாக்ஸில் இணைத்தால் ஓடும். ஆனால் ஸ்னாப்ஷாட் போன்ற சில வசதிகள் முன்புபோல இருக்காது, எப்படி இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். 'மைக்ரேஷன் இரண்டு வாரத்தில் முடிச்சிடலாம்' என்று மேலே கமிட் பண்ணிவிட்டு வந்த மேனேஜரிடம் இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சர்வருக்குள்ளேயே டிஸ்க்

இருப்பதிலேயே எளிமையானது இது. சர்வருக்குள் எஸ்எஸ்டிகளைச் செருகி, விர்ச்சுவல் மெஷின்களை அதிலேயே வைப்பது. வேகத்தில் இதை மிஞ்சுவது கஷ்டம். இன்றைய என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து ஒரு துணுக்குத் தகவலை எடுக்கச் சுமார் 100 மைக்ரோ செகண்ட் போதும். பழைய சுழலும் டிஸ்க்குக்கு 5 முதல் 10 மில்லி செகண்ட் ஆகும். அதாவது ஐம்பது, நூறு மடங்கு வித்தியாசம்.

குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சர்வர் போனால் அதிலிருந்த மெஷின்கள் எல்லாம் போச்சு. சரிசெய்யும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் இதைக் கேலி செய்யும் சேல்ஸ் ஆட்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். இரண்டு சர்வர், இரண்டிலும் உள்ளேயே டிஸ்க், ஒன்றிலிருந்து மற்றதற்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்களை மட்டும் அனுப்பும் ஏற்பாடு. பிராக்ஸ்மாக்ஸும் இசட்எஃப்எஸ்ஸும் சேர்ந்தால் இது தனிச் செலவில்லாமல் கிடைக்கிறது. விண்டோஸ் பக்கம் ஹைப்பர்-வி ரெப்ளிகா இதே வேலையைச் செய்யும். ஒரு சர்வர் எரிந்தால் கடைசி 15 நிமிட வேலை போகும், அவ்வளவுதான். முப்பது பேர் வேலை செய்யும் ஆடிட்டர் ஆபீஸுக்கோ, ஒரு நூல் மில்லின் கணக்குப் பிரிவுக்கோ இது தாராளம். வங்கிக்கு இது போதாது. யாருக்கு எது என்ற இந்தப் பிரிவினையைச் செய்யாமல், ஊர் முழுக்க ஒரே பெட்டியை விற்கிறார்கள்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. கடையில் லேப்டாப்புக்கு விற்கும் எஸ்எஸ்டியை சர்வரில் போட்டுக் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் உண்டு. சர்வர் எஸ்எஸ்டிக்குள் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனால் கையில் வைத்திருந்த தகவலை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்சாரம் அதில் சேமித்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் அது 'எழுதியாச்சு' என்று உடனே பதில் சொல்கிறது. லேப்டாப் எஸ்எஸ்டியிடம் அது இல்லை. டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் 'நிஜமாகவே எழுதியாச்சா?' என்று கேட்கும்போது அது திணறும். விளம்பரத்தில் போட்ட வேகத்தில் சின்னத் துண்டுகூடக் கிடைக்காது.

ஸேன், நாஸ்: மொட்டைமாடித் தொட்டி

அடுத்தது பொது ஸ்டோரேஜ். சர்வர்கள் தனி, டிஸ்க் பெட்டி தனி. நடுவில் நெட்வொர்க். அப்பார்ட்மென்ட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தொட்டி வைக்காமல் மொட்டைமாடியில் ஒரே பெரிய தொட்டி வைப்பது மாதிரி.

இதில் இரண்டு வகை. ஸேன் என்பது சர்வருக்கு வெறும் டிஸ்க்காகவே தெரியும். ஃபைபர் சேனல் என்ற தனி கேபிள் வழியாகவோ, சாதாரண நெட்வொர்க்கிலேயே ஐஸ்கஸி வழியாகவோ வரும். நாஸ் என்பது ஃபோல்டராகத் தெரியும், பெரும்பாலும் என்எஃப்எஸ். ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்றைத் திருப்பிப் போட்டது இன்னொன்று என்பதால் மீட்டிங்கில் குழம்பாதவர்கள் குறைவு. ஒரு காலத்தில் 'ஸேன்தான் வேகம், நாஸ் சும்மா' என்பார்கள். நல்ல நெட்வொர்க்கும் நல்ல பெட்டியும் இருந்தால் இன்று அந்த வித்தியாசம் பெரும்பாலான வேலைகளில் தெரியாது. நிர்வகிக்க என்எஃப்எஸ் எளிது என்பதே எங்கள் எண்ணம்.

பொதுத் தொட்டியின் பிரச்சினை அப்பார்ட்மென்ட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். காலை எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தால் மேல்மாடிக்குத் தண்ணீர் சொட்டும். சர்வரிலும் அதே கதைதான். ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் ஒழுங்காக, வரிசையாகத்தான் டிஸ்க்கைப் படிக்கும். ஆனால் நாற்பது மெஷின்களின் வரிசைகள் ஒரே பெட்டிக்கு வந்து சேரும்போது எல்லாம் கலைந்து, பெட்டியின் பார்வையில் தாறுமாறான கோரிக்கைகளாகிவிடும். மிக்ஸியில் போட்டு அடித்ததுபோல. சுழலும் டிஸ்க்குக்குப் பிடிக்காதது இதுதான்.

கணக்கு பார்ப்போம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஒரு டிஸ்க், தாறுமாறான கோரிக்கைகளை நொடிக்குச் சுமார் 80 கையாளும். பன்னிரண்டு டிஸ்க் போட்டால் 960. அவற்றை ரெய்டு 6 முறையில் கட்டினால், சின்னதாக ஒன்றை எழுத ஆறு வேலை செய்ய வேண்டும். ஆக எழுதும் திறன் நொடிக்கு 160. பன்னிரண்டு பெரிய டிஸ்க், நூற்றுக்கணக்கான டெராபைட், ஆனால் நொடிக்கு 160 எழுத்து. 'இவ்வளவு காலி இடம் இருக்கே, ஏன் சார் ஸ்லோ?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தொட்டியின் கொள்ளளவு வேறு, குழாயின் விட்டம் வேறு.

இன்னொரு கணக்கு. 20 டெராபைட் டிஸ்க் ஒன்று பழுதாகி, புதிதாக ஒன்றைச் செருகுகிறீர்கள். நொடிக்கு 200 எம்பி வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலே அது நிரம்ப ஏறக்குறைய 28 மணி நேரம் ஆகும். நிஜத்தில் வேலைகளும் ஓடிக்கொண்டிருப்பதால் இன்னும் நீளும். ஒரே ஒரு டிஸ்க்கின் இழப்பை மட்டுமே தாங்கும் ரெய்டு 5-ஐப் பெரிய டிஸ்க்குகளில் பயன்படுத்த வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வது இந்த ஒன்றிரண்டு நாள் இடைவெளிக்குப் பயந்துதான்.

பெட்டிக்குள் எல்லாமே இரண்டிரண்டு இருக்கும் என்பது உண்மை. கன்ட்ரோலர் இரண்டு, பவர் சப்ளை இரண்டு, கேபிள் இரண்டு. ஆனால் பெட்டி ஒன்று. அதன் மென்பொருளும் ஒன்று. அது இருக்கும் அறையும் ஒன்று.

ஆளுக்குக் கொஞ்சம்: ஹெச்சிஐ

தனிப் பெட்டியே வேண்டாம், ஒவ்வொரு சர்வருக்குள்ளும் இருக்கும் டிஸ்க்குகளை நெட்வொர்க்கில் சேர்த்துப் பொதுத் தொட்டி ஆக்கிக்கொள்ளலாம் என்பது மூன்றாவது வழி. விஎம்வேரின் விஸேன் 2014-ல் வந்தது. நியூட்டனிக்ஸ் இதை வைத்தே பெரிய நிறுவனமானது. மைக்ரோசாஃப்டில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்ட். ஓப்பன் சோர்ஸில் செஃப். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் ஒரு மாணவரின் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கியது, இன்று பெரிய பெரிய கிளவுடுகளைத் தாங்குகிறது.

அழகான யோசனை. ஒரு தகவலை மூன்று சர்வர்களில் எழுதிவைக்கும். ஒன்று செத்தால் மற்ற இரண்டில் இருக்கும். ஸ்டோரேஜ் பெட்டிக்கெனத் தனிப் பணம் இல்லை. இடம் போதவில்லையா, இன்னொரு சர்வர் சேர்த்துக்கொள்ளலாம்.

விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள் இரண்டு. முதலாவது இடம். 100 டெராபைட் டிஸ்க் வாங்கினால் மூன்று காப்பி போக 33 டெராபைட்தான் கையில் நிற்கும். அதையும் முழுக்க நிரப்ப முடியாது. செஃப் 85 சதவீதத்தில் எச்சரிக்கும், 95 சதவீதத்தில் எழுதுவதையே நிறுத்திவிடும். ஒரு சர்வர் செத்தால் அதன் பங்கை மற்றவை ஏற்கவும் இடம் வேண்டும். ஆக நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது 25 டெராபைட் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நான்கில் ஒன்று.

இரண்டாவது நெட்வொர்க். ஒவ்வொரு எழுத்தும் இன்னும் இரண்டு சர்வருக்குப் போய், அங்கிருந்தும் 'சரி' வந்த பிறகுதான் முடிந்ததாகக் கணக்கு. 10 ஜிகாபிட் நெட்வொர்க் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. எஸ்எஸ்டி வைத்தால் 25 நல்லது. பழைய ஒரு ஜிகாபிட் சுவிட்சை வைத்துக்கொண்டு செஃப் கட்டிவிட்டு 'ஓப்பன் சோர்ஸ்னாலே இப்படித்தான்' என்று திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறோம். தப்பு செஃபின் பேரில் இல்லை.

எண்ணிக்கையும் முக்கியம். இரண்டு சர்வர் மட்டும் வைத்து இதைச் செய்தால், நடுவில் இருக்கும் கேபிள் அறுந்த நொடியில் இரண்டும் 'மற்றவன் செத்துட்டான், இனி நான்தான்' என்று நினைத்துக்கொள்ளும். ஒரே கணினியின் இரண்டு பிரதிகள் தனித்தனியாக எழுதத் தொடங்கினால், பிறகு எது நிஜக் கணக்கு என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் சாட்சியாக மூன்றாவது ஒன்று தேவைப்படுகிறது. பஞ்சாயத்தில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் தீர்ப்பு வராது இல்லையா? மூன்று சர்வர் இருந்தால் ஓடும். ஆனால் ஒன்று செத்தால் மூன்றாவது காப்பியை எழுதிவைக்க இடமே இல்லை. நான்கிலிருந்து தொடங்குவதுதான் நிம்மதி.

இடம் இருப்பதுபோல் தெரியும்

பந்தியில் 300 இலை போட இடம் இருக்கும்போது 500 பேருக்குப் பத்திரிகை வைக்கிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட வர மாட்டார்கள் என்ற நம்பிக்கை. தின் புரொவிஷனிங் என்பது இதுதான். விர்ச்சுவல் மெஷினுக்கு '500 ஜிபி உனக்கு' என்று சொல்லிவிட்டு, அது எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்குவது. நல்ல ஏற்பாடு, யாராவது ஒருவர் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருக்கும் வரை. எண்ணாமல் விட்டால், ஒருநாள் இரவு பொது ஸ்டோரேஜ் நிரம்பும். அப்போது அதிகம் எழுதிய மெஷின் மட்டும் நிற்காது. அதே ஸ்டோரேஜில் புது இடம் கேட்கும் மெஷின்கள் எல்லாம் நின்றுவிடும்.

ஸ்னாப்ஷாட் இதன் தம்பி. அப்டேட் போடும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்போம். அந்த நொடியிலிருந்து பழைய டிஸ்க் ஃபைலைத் தொடாமல், மாற்றங்களை மட்டும் தனி ஃபைலில் எழுதும். சொதப்பினால் அந்த ஃபைலைத் தூக்கிப்போட்டால் பழைய நிலை. ஆனால் தூக்க மறந்தால் அது வளர்ந்துகொண்டே போகும். 72 மணி நேரத்துக்கு மேல் ஒரு ஸ்னாப்ஷாட்டை வைத்திருக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் தீபாவளிக்கு முன் எடுத்ததைப் பொங்கலுக்குப் பிறகுதான் கவனித்தார்கள். அதற்குள் மாற்ற ஃபைல் அசல் டிஸ்க் அளவுக்கு வளர்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்து ஒட்ட ஒரு முழு வார இறுதி போனது. அதுவரை அதைத்தான் அவர்கள் 'பேக்கப்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காப்பி வேறு, பேக்கப் வேறு

இந்தக் கட்டுரையை நாங்கள் எழுத நினைத்ததே இந்த இடத்துக்காகத்தான். ரெய்டு, இரட்டைக் கன்ட்ரோலர், மூன்று காப்பி, 15 நிமிட ரெப்ளிகேஷன் எல்லாமே இயந்திரம் பழுதாவதிலிருந்து காப்பாற்றும். ஒரு மனிதர் தவறாக அழித்தால், அந்த அழிப்பையும் மூன்று இடத்திலும் விசுவாசமாகச் செய்து முடிக்கும்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் உலகெங்கும் ஆயிரக்கணக்கான விஎம்வேர் சர்வர்களைத் தாக்கியது. பிரான்சின் சைபர் பாதுகாப்பு அமைப்புதான் முதலில் மணி அடித்தது. பயன்படுத்தப்பட்டதாக அவர்கள் சொன்ன ஓட்டைக்கு விஎம்வேர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2021 பிப்ரவரியிலேயே, திருத்தம் கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த வைரஸ் ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் நுழைந்து கஷ்டப்படவில்லை. வெளியிலிருந்தே விஎம்டிகே ஃபைல்களைத் தேடிப் பூட்டியது. மேலே சொன்னோமே, ஐம்பது கணினி என்பது ஐம்பது ஃபைல்தான் என்று. முதல் அலையில் அது செய்த ஒரு சொதப்பலால், பல இடங்களில் அசல் தகவல் இருக்கும் பெரிய ஃபைல் தப்பித்தது. அதை வைத்து மெஷின்களை மீட்க அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமை ஒரு ஸ்கிரிப்ட் வெளியிட்டது. அடுத்த அலையில் தாக்கியவர்கள் அந்தச் சொதப்பலைத் திருத்திக்கொண்டார்கள்.

'எங்களுக்கு கிளவுடு, பிரச்சினையில்லை' என்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் கதை. ஆறு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களின் ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் அமைப்பு. 2024 மே மாதம், கூகுள் கிளவுடில் அவர்கள் வைத்திருந்த விஎம்வேர் பிரைவேட் கிளவுடு ஒன்று காணாமல் போனது. ஹேக்கர் யாரும் இல்லை. அதை முதலில் அமைத்தபோது கூகுள் ஊழியர் ஒருவர் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அதனால் ஓராண்டுக் கெடு என்று கணினியே எடுத்துக்கொண்டது. ஓராண்டு முடிந்ததும் தானாக அழித்துவிட்டது. உறுப்பினர்கள் பல நாட்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. அழிந்த இடத்துக்கு வெளியே தனி பேக்கப்கள் இருந்ததால்தான் எல்லாம் மீண்டது. பேக்கப்புக்குத் தனியாக ஏன் செலவு என்று அங்கேயும் யாராவது ஒரு மீட்டிங்கில் கேட்டிருப்பார்கள். நல்லவேளை, கேட்டவர் பேச்சு எடுபடவில்லை.

இப்போது கொரியாவுக்கு வருவோம். ஜி-டிரைவ் விர்ச்சுவல் மெஷின் ஸ்டோரேஜ் அல்ல, கோப்புக் கிடங்கு. ஆனால் சொன்ன காரணம் எல்லா ஆபீஸிலும் கேட்பதுதான்: 'ரொம்பப் பெரிசு.' 858 டெராபைட் உண்மையிலேயே பெரியதா? 10 ஜிகாபிட் லைன் ஒன்றை முழு வேகத்தில் ஓட்டினால் கணக்குப்படி எட்டு நாள். பாதி வேகம்தான் கிடைத்தாலும் பதினாறு நாள். அதன் பிறகு அன்றன்றைய மாற்றங்களை மட்டும் அனுப்பினால் போதும். லைன் வேண்டாமா? எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டெராபைட் பிடிக்கும். 48 டேப். ஒரு பீரோவின் ஒரே தட்டில் அடுக்கிவிடலாம். நான்கு டிரைவ் வைத்து எழுதினால் ஒரு வாரத்துக்குள் முடியும். பிறகு அந்தப் பெட்டியை வண்டியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பலாம். ஏழு ஆண்டுகளில் இதற்கு ஒரு வாரம் கிடைக்கவில்லை.

தொழில்நுட்பத்தால் முடியாதது என்று எதுவும் இங்கே இல்லை. அதற்கு ஒரு பட்ஜெட் வரி இல்லை, அவ்வளவுதான்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் தன் படங்களைப் பாதுகாக்கச் சொன்ன ஒரு விதி இன்று டேட்டா சென்டர்களிலும் செல்லுபடியாகிறது: மூன்று காப்பி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். ரான்சம்வேர் காலத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு காப்பியாவது அட்மினே நினைத்தாலும் குறிப்பிட்ட நாள் வரை அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். ஏனென்றால் திருடன் வருவது அட்மின் பாஸ்வேர்டோடுதான்.

சரி, எதை எடுப்பது?

பெட்டியைப் பார்ப்பதற்கு முன் நிர்வாகத்திடம் இரண்டு கேள்விக்குப் பதில் வாங்குங்கள். எத்தனை நிமிட வேலையை இழந்தால் தாங்கும்? எத்தனை மணி நேரம் கடையை மூடிவைத்தால் தாங்கும்? 'ஒரு நொடிகூட முடியாது' என்பார்கள். அதற்கான கொட்டேஷனைக் காட்டினால், 'நாலு மணி நேரம் பரவாயில்லை' என்று இறங்கி வருவார்கள். அந்தப் பேரம் நடந்தே ஆக வேண்டும். அதை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது இளைய அட்மின்களுக்கு நல்லது. தீப்பிடித்த அன்றைக்கு எல்லோருடைய ஞாபகமும் மாறிவிடும்.

பத்திருபது விர்ச்சுவல் மெஷின் வைத்திருக்கும் இடங்களுக்கு, உள்ளேயே டிஸ்க் வைத்த இரண்டு சர்வரும் ரெப்ளிகேஷனும் போதும் என்பதே எங்கள் கருத்து. மிச்சப்படும் பணம் பேக்கப்புக்குப் போகட்டும். நான்கு சர்வருக்கு மேல், நல்ல நெட்வொர்க், அதைப் புரிந்துகொண்ட இரண்டு ஆட்கள் இருந்தால் ஹெச்சிஐ அருமை. இரண்டு ஆட்கள் என்று சொன்னது தெரிந்தேதான். ஒருவர் மட்டும் என்றால் அவர் ஊருக்குப் போகும் வாரத்தில்தான் டிஸ்க் சாகும். பெரிய டேட்டாபேஸ்கள், நூற்றுக்கணக்கான மெஷின்கள், ஒரு நிமிடம் நின்றாலும் நஷ்டம் என்ற இடங்களில் ஸேன் இன்னும் தன் விலைக்கு வேலை செய்கிறது. ஏற்கெனவே நல்ல ஸேன் வைத்திருப்பவர்கள், லைசென்ஸ் கோபத்தில் அதையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டாம்.

தீக்குப் பிறகு கொரிய அரசு ஊழியர்கள் தங்கள் பழைய மெயில்களிலும், மேசைக் கணினிகளிலும், அச்செடுத்து வைத்த காகிதங்களிலும் கோப்புகளைத் தேடிச் சேர்த்தார்கள். ஒப்புதலுக்காக வேறொரு அமைப்புக்கு அனுப்பிய இறுதி ஆவணங்கள் அங்கே இருந்தன. வேலை செய்துகொண்டிருந்த வரைவுகள், குறிப்புகள் போயின.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் உங்கள் ஐ.டி. டீமிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கடைசியாக எந்தத் தேதியில் ஒரு விர்ச்சுவல் மெஷினை பேக்கப்பிலிருந்து முழுசாக எழுப்பிப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது? தேதியும் நேரமும் சொன்னால் அவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். 'டெய்லி ஓடுது சார், பச்சை டிக் வருது' என்று பதில் வந்தால், வருகிற சனிக்கிழமையை அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.